54இலும் 16இலும் ஒளிந்திருக்கும் 2

வெள்ளவத்தையில் மாலை வகுப்பு எடுக்கிறேன். சாதாரண தரப் பிள்ளைகளின் கொப்பிகளில் கனமூலம் (∛) கூட்டும் கணக்குகளில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு வரி: ∛54 + ∛16 = ∛70. சிவப்புப் பேனையால் வெட்டிவிடலாம். ஆனால் அது ஏன் பிழை என்பதைப் பிள்ளை கண்ணால் பார்க்க வேண்டும்.

54 லீற்றர் கொள்ளும் சதுரமுகிப் பெட்டி ஒன்றையும் 16 லீற்றர் கொள்ளும் இன்னொன்றையும் சுவரோரம் ஒட்டி வையுங்கள். 1 லீற்றர் என்பது 10 சென்ரிமீற்றர் விளிம்புள்ள சதுரமுகி. அந்த விளிம்பை ஓர் அலகாகக் கொண்டால் பெரிய பெட்டியின் விளிம்பு ∛54, அதாவது 37.8 சென்ரிமீற்றர். சின்னதன் விளிம்பு 25.2. இரண்டும் சேர்ந்து 63 சென்ரிமீற்றர் இடம் பிடிக்கும். 70 லீற்றர் கொள்ளும் தனிப் பெட்டிக்கோ 41.2 போதும். கனமூலம் என்பது விளிம்பின் நீளம். நாம் கூட்டுவது நீளங்களை, கனவளவுகளை அல்ல.

சரி, எப்படிக் கூட்டுவது? 2 லீற்றர் கொள்ளும் குட்டிச் சதுரமுகிகளை எடுங்கள். நீளம், அகலம், உயரம் எல்லாவற்றுக்கும் மூன்று மூன்றாக அடுக்கினால் 27 பெட்டி, 54 லீற்றர். இரண்டிரண்டாக அடுக்கினால் 8 பெட்டி, 16 லீற்றர். ஆக, பெரியதன் விளிம்பில் மூன்று குட்டிகள், சின்னதன் விளிம்பில் இரண்டு. 3∛2 + 2∛2 = 5∛2. குட்டியின் விளிம்பு 12.6 சென்ரிமீற்றர், ஐந்து மடங்கு, அதே 63.

பெட்டி இல்லாமல் செய்ய முதன்மைக் காரணிகள் போதும். 54 = 2 × 3 × 3 × 3. 16 = 2 × 2 × 2 × 2. ஒரே காரணி மூன்று சேர்ந்தால், அந்த மூன்றுக்கும் பதிலாக ஒன்று வெளியே வரும். வர்க்கமூலத்தில் சோடி சோடியாக எடுத்துப் பழகிய கை இங்கேயும் சோடிதான் தேடும். பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். வகுப்பில் நான் அதிக நேரம் செலவழிப்பதும் இங்கேதான். எழுத்துகளுக்கும் இதே முறைதான்: அ⁴ என்பது அ³ × அ. ஆகவே ∛(54அ⁴) சுருங்கி 3அ∛(2அ) ஆகும்.

∛24ஐச் சுருக்கினால் 2∛3. உள்ளே இருப்பது 3 என்பதால் ∛2 கூட்டத்தோடு அது சேராது. அப்படியே பக்கத்தில் எழுதி வைக்க வேண்டியதுதான்.

அப்புறம், மறை எண்ணைக் கண்டு பயப்பட வேண்டாம். மறை எண்ணை மூன்று தடவை பெருக்கினால் விடையும் மறைதான். அதனால் ∛(−16) என்பது −2∛2. இதை ∛54 உடன் கூட்டிப் பாருங்கள்: ஒரேயொரு ∛2 மிஞ்சும்.