விரலால் முறுக்கிப் பாருங்கள்: அதிவேக மாதிரி ராக்கெட் கட்டுவோர் கவனத்துக்கு

கண்ணாடியிழை, கார்பன் இழை ஆகியவற்றை எபாக்சி என்னும் இறுகும் பிசினில் தோய்த்துப் பாகங்கள் செய்யும் தொழிலில் இருக்கும் நான், அமெரிக்காவின் மேற்குப் பாலைவனங்களில் நடக்கும் மாதிரி ராக்கெட் ஏவுதல்களில் வார இறுதிகளில் பாதுகாப்புச் சோதனை மேசையில் உட்காருவது வழக்கம். ஏவப்படுவதற்கு முன் ஒவ்வொரு ராக்கெட்டும் அந்த மேசைக்கு வந்தாக வேண்டும். அங்கே நான் முதலில் செய்வது, வால்துடுப்பின் நுனியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து மெல்ல முறுக்கிப் பார்ப்பதுதான். கட்டியவர்களில் பெரும்பாலோர் துடுப்பை இழுத்துப் பார்த்துத் திருப்தி அடைந்திருப்பார்கள். முறுக்கிப் பார்த்தவர்கள் மிகச் சிலரே இருப்பார்கள். ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது துடுப்பைப் பிய்த்துக்கொண்டுபோவது பெரும்பாலும் முறுக்கம்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

இந்தப் பொழுதுபோக்கில், எரிபொருள் எரிந்து ராக்கெட்டை உந்தும் மோட்டார்கள் ஆங்கில எழுத்துகளால் வகைப்படுத்தப்படுகின்றன. ஓர் எழுத்து கூடினால் மோட்டார் தரக்கூடிய மொத்த உந்தத்தின் உச்சவரம்பு இரட்டிப்பாகும். எச், ஐ வகைகளுக்கு முதல்நிலைச் சான்றும், ஜே முதல் எல் வரை எழுத்துத் தேர்வுடன் கூடிய இரண்டாம்நிலைச் சான்றும், எம் முதல் மேலே மூன்றாம்நிலைச் சான்றும் வேண்டும். எரிபொருள் தயாரிப்பதைப் பற்றி இங்கே எதுவும் சொல்லப்போவதில்லை. சான்று பெற்ற ஆயத்த மோட்டாரை வாங்கிப் பயன்படுத்துவோருக்கே இக்கட்டுரை. இன்றைய கே வகை மோட்டார் ஒன்றை, அது மட்டுமே நுழையும் அளவுக்கு ஒடுங்கிய குழாயில் பொருத்தினால், ராக்கெட் சில நொடிகளுக்குள் ஒலிவேகத்தைக் கடந்துவிடும். கடல்மட்டத்தில் ஒலிவேகத்தில் செல்லும்போது எதிர்க்காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 7 டன். அதன் இரு மடங்கு வேகத்தில் அது நான்கு மடங்காகிறது.

அந்தக் காற்றில் மெல்லிய துடுப்பு ஒரு கொடியைப் போலப் படபடக்கத் தொடங்கும். துடுப்பு சற்று வளைகிறது, வளையும்போதே சற்று முறுகுகிறது, முறுகியதால் காற்று அதை மேலும் வளைக்கிறது, அது மீளும்போது எதிர்ப்பக்கம் முறுகுகிறது. இந்த இரண்டு அசைவுகளும் ஒரே தாளத்தில் சேர்ந்துகொண்டால், ஒவ்வொரு அலைவிலும் காற்றிலிருந்து ஆற்றலை உறிஞ்சி, ஒரு நொடிக்குள் துடுப்பு கிழிந்துவிடும். நாசாவின் முன்னோடியான என்.ஏ.சி.ஏ. 1958-இல் வெளியிட்ட 4197-ஆம் எண் தொழில்நுட்பக் குறிப்பு, ஏவுகணைத் துடுப்புகளுக்கு இந்த எல்லையைத் தோராயமாகக் கணிக்க ஒரு வழி தந்தது. இன்றும் ராக்கெட் ஆர்வலர்கள் கையாளும் சூத்திரம் அதிலிருந்து வந்ததே.

அந்தச் சூத்திரத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. துடுப்பின் தடிமனை இரட்டிப்பாக்கினால் படபடப்பு தொடங்கும் வேகம் சுமார் 2.8 மடங்காகிறது, ஆனால் முறுக்கத்தை எதிர்க்கும் விறைப்பு இரண்டு மடங்கு உள்ள பொருளுக்கு மாறினால் 1.4 மடங்குதான் கூடுகிறது. விலை உயர்ந்த கார்பன் தகடு வாங்கிவிட்டதால் மெல்லியதாகவே வெட்டலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். தடிமன் கூடினால் பின்பாரமும் கூடும் என்பதால், துடுப்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளத்தைக் குறைப்பதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். காற்று அடர்த்தியாக இருக்கும் தாழ்வான உயரத்திலேயே முழு வேகத்தை எட்டவைக்கும் மோட்டாரைவிட, மெதுவாக நீண்ட நேரம் எரியும் மோட்டார் துடுப்புக்கு இரக்கம் காட்டும்.

அடுத்த வலுவூட்டல், ஒரு துடுப்பின் நுனியில் தொடங்கி, குழாயின் மேல் இறங்கி, அடுத்த துடுப்பின் நுனிவரை ஒரே துண்டாக இழைத்துணியைப் படியவைப்பது. இதைச் செய்பவர்கள் பலர் துணியின் இழைகளை நேராகவும் குறுக்காகவுமே வைத்துவிடுகிறார்கள். அப்படி வைத்தால் வளைவுக்குத்தான் வலு கூடும். முறுக்கத்தைத் தடுக்க, இழைகள் துடுப்பின் நீளவாக்குக்கு 45 பாகைச் சாய்வில் ஓட வேண்டும். துணியைச் சாய்த்து வெட்டினால் மீதம் விழுந்து வீணாகும். ஆயினும் இந்த இடத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

இனி ஒட்டு. சில ஆண்டுகளுக்கு முன் நானே கட்டிய 54 மில்லிமீட்டர் விட்டமுள்ள ராக்கெட் ஒன்று, ஒலிவேகத்தைப் போல் 1.4 மடங்கில் செல்லும்போது மூன்று துடுப்புகளையும் இழந்து சுழன்று விழுந்தது. பாலை மண்ணில் தேடி எடுத்த துடுப்பில் தகடும் துணியும் சிதையாமல் இருந்தன. துடுப்பும் குழாயும் சேரும் மூலையில் நான் பூசி வளைத்திருந்த எபாக்சி வரம்பு, முற்றிய புளியம்பழத்தின் ஓடு போல முழுசாகக் கழன்று வந்திருந்தது. அதன் உட்புறத்தில் குழாயின் பளபளப்பு அச்சாகப் பதிந்திருந்தது. குழாயை வார்த்தபோது அச்சிலிருந்து பிரிப்பதற்காகப் பூசிய மெழுகு அதன் மேல் இருந்திருக்கிறது. ஒட்டு ஒட்டவே இல்லை. துணிகளின் அடுக்கையே கணக்கிட்டுக்கொண்டிருந்த நான், தொழிலில் தினமும் மற்றவர்களுக்குச் சொல்லும் அடிப்படையை அன்று விட்டுவிட்டேன்.

ஆகவே ஒட்டும் இடம் முழுவதையும் 80-ஆம் எண் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால், துணியில் அழுக்கு ஒட்டுவது நிற்கும்வரை துடையுங்கள். பிறகு சிறிது சுத்தமான நீரை ஊற்றிப் பாருங்கள். நீர் ஒரே படலமாகப் பரவி நின்றால் தளம் தயார். தாமரை இலைத் தண்ணீரைப் போல முத்து முத்தாகத் திரண்டால், அங்கே இன்னும் மெழுகோ எண்ணெயோ இருக்கிறது. நீரை உலர்த்தியபின் விரல் படாமல் அன்றே ஒட்டிவிட வேண்டும்.

வெப்பத்தையும் மறக்கக் கூடாது. 15 பாகை செல்சியஸ் காற்றில் ஒலியைவிட இரு மடங்கு வேகத்தில் செல்லும்போது, முன்விளிம்பில் மோதி நிற்கும் காற்றின் வெப்பநிலை 245 பாகை வரை ஏறுகிறது. மூன்று மடங்கில் 530 பாகையைத் தாண்டுகிறது. அறை வெப்பநிலையில் இறுகும் சாதாரண எபாக்சி 60 பாகையை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். வேகம் நீடிப்பது சில நொடிகளே என்பதால் உட்பகுதி தப்பிக்கும், ஆனால் மெல்லிய முன்விளிம்பு தப்பாது. அங்கே உயர்வெப்ப எபாக்சி பயன்படுத்தி, தயாரிப்பாளர் சொன்ன அட்டவணைப்படி அடுப்பில் வைத்துப் பதப்படுத்துவது அவசியம்.

உடற்குழாயில் காற்றுத் துளை இல்லாத ராக்கெட்டுகளையும் அடிக்கடி பார்க்கிறேன். கடல்மட்டத்திலிருந்து 3,000 மீட்டர் ஏறினால் வெளியழுத்தம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். உள்ளே அடைபட்ட காற்று, 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூக்குக் கூம்பைச் சுமார் 25 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் வெளியே தள்ளும். பறந்துகொண்டிருக்கும்போதே கூம்பு கழன்றால் பாராசூட் முழு வேகத்தில் விரிந்து கிழியும். சிறு துளை ஒன்றும், கூம்பைப் பிடித்துக்கொள்ளும் நைலான் ஊசிகளும் இதைத் தடுக்கும். ஒலிவேகத்துக்கு மேல் துடுப்புகளின் திருத்தும் விசை குறைந்து, காற்றின் பக்கவாட்டு விசை மொத்தமாகச் செயல்படும் புள்ளியான அழுத்த மையம் முன்னே நகரும் என்பதால், நிற்கும்போது எடை மையத்துக்கும் அதற்கும் நடுவில் குழாயின் ஒரு விட்ட அளவு இடைவெளி போதுமென்று கணக்கு முடிக்க வேண்டாம். கணிப்பு மென்பொருளில் உச்ச வேகத்தில் அந்த இடைவெளி எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். கார்பன் குழாய்க்குள் வைத்த ஜிபிஎஸ் கருவியின் ரேடியோ அலை வெளியே வராது; அதைக் கண்ணாடியிழைக் கூம்புக்குள் வையுங்கள்.

என் ராக்கெட்டின் உடல் அன்று, ஏவுதண்டுக்கும் ஆட்கள் நின்ற கோட்டுக்கும் இடையில் காலியாக விடப்பட்டிருந்த தரையில் குத்தி நின்றது. விதிப்படி கே வகை மோட்டாருக்கு அந்த இடைவெளி 200 அடி, எம் வகைக்கு 500 அடி. குடும்பத்தோடு வந்தவர்கள் படம் எடுக்க அருகில் நிற்கலாமா என்று கேட்கும்போது, அந்தக் குழாய் நின்ற இடத்தைத்தான் நினைத்துக்கொள்கிறேன். கட்டமைப்பில் சிறு ஐயம் இருந்தால், ராக்கெட்டை அதைவிடத் தொலைவில் உள்ள ஏவுதண்டுக்கு அனுப்புகிறேன். துடுப்பின் நுனி என் விரலுக்குள் முறுகினால், கட்டியவர் எத்தனை மாதம் உழைத்திருந்தாலும், அதை எதற்காகத் திருப்பித் தருகிறேன் என்று உட்காரவைத்து விளக்கி, அன்று ஏவவிடாமல் அனுப்பிவிடுகிறேன்.