இருமினால் சிறுநீர் கசிவது பெண்ணின் தலையெழுத்து அல்ல

“நாங்களும் நாலு பெத்தவங்கதான். இருமினா ரெண்டு சொட்டு வரத்தான் செய்யும். இதுக்கெல்லாமா வைத்தியம்?” மருமகளைக் கூட்டிவந்த மாமியார் என் முன்னாலேயே சொன்னார். அந்தப் பெண் வந்தது முதுகுவலிக்கு. தும்மும்போது கசிகிறதா என்று நானாகக் கேட்ட பிறகுதான் தலையாட்டினார். குழந்தை பள்ளிக்கூடம் போகிறது. இத்தனை வருடமும் மாற்றுத்துணி இல்லாமல் அவர் வெளியே கிளம்பியதில்லை.

மாமியாரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். “லேடீஸ் பேஷன்ட்னா கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவாங்க” என்ற பேச்சை எங்கள் பிசியோதெரபி அறைகளிலேயே கேட்டிருக்கிறேன். அது காதில் விழுந்த பெண் அடுத்த முறை வாயே திறக்க மாட்டார்.

பிள்ளை பெற்ற பலருக்கும் கசிவு வருகிறது, உண்மைதான். பலருக்கு வருவதாலேயே அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று யார் சொன்னது? சொத்தைப்பல்கூடத்தான் பலருக்கு இருக்கிறது, விட்டுவிடுகிறோமா? சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்குபவை இடுப்புத்தளத் தசைகள். கர்ப்பத்திலும் பிரசவத்திலும் அவை தளர்கின்றன. சிசேரியன் ஆனவருக்கு வராது என்பதும் தவறு. மாதக்கணக்கில் வயிற்றுச் சுமையைத் தாங்கியது அதே தசைதானே. தளர்ந்த தசையைப் பயிற்சியால் வலுவாக்கலாம் என்று அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-லேயே எழுதினார். பிராஸ்டேட் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆண்களுக்கும் கசியும். அவர்களுக்கும் இதே பயிற்சிதான். அவர்களிடம் யாரும் “ஆம்பளைன்னா அப்படித்தான்” என்று சொல்வதில்லை!

சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதுபோல உள்ளே இறுக்குங்கள். சில நொடி பிடித்து, முழுவதும் தளர்த்துங்கள். தளர்த்துவதும் பயிற்சிதான். மூச்சைப் பிடிக்காதீர்கள், பிட்டத்தை இறுக்காதீர்கள். ஒரு வேளைக்கு 8 முறை, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது 3 மாதம். பத்து நாளில் விட்டுவிட்டு “பலனில்லை மேடம்” என்று வராதீர்கள். இருமல் வருகிறதென்றால் முன்கூட்டியே இறுக்கிக்கொள்ளுங்கள். சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகவே கூடாது. கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். சிறுநீர் அடர்ந்து சிறுநீர்ப்பையை உறுத்தும், மலச்சிக்கல் வரும், முக்கி முக்கித் தசை இன்னும் தளரும். கர்ப்பகாலத்திலேயே தொடங்கினால் கசிவு வரும் வாய்ப்பே குறையும். கர்ப்பிணியை எங்களிடம் அனுப்பிவைக்கும் மருத்துவர்களே, தயவுசெய்து இதையும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

தாம்பத்தியத்தில் வலி, அடிவயிற்றில் இறுக்கம் இருந்தால் வீடியோ பார்த்துத் தொடங்க வேண்டாம். சிலருக்குத் தசை தளர்ந்திருக்காது, அளவுக்கு மீறி இறுகியிருக்கும். இறுக்கும் பயிற்சி வலியைக் கூட்டும். சிறுநீரில் ரத்தம் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். முதுகுவலியோடு பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இடுப்புத்தளப் பயிற்சி தெரிந்த பிசியோவைக் கேட்டுத் தேடுங்கள். பெண்தான் வேண்டும் என்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். பரிசோதனையின்போது துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம், பரிசோதனையே வேண்டாம் என்று மறுக்கவும் செய்யலாம். அதற்காக யாரும் உங்களைக் கடிந்துகொள்ளக் கூடாது.