பிடி (Bt) பருத்தி போடுகிறவர்கள் ஒதுக்கவேண்டிய நிலம்: தென்னாப்பிரிக்க விதி என்ன சொல்கிறது?

குவாசூலு-நாத்தாலில் பருத்தி போட நினைக்கும் நம்மவர்கள் விதையின் விலையோடு, அதன்கூட வரும் நிபந்தனையையும் கேட்டுக்கொள்ள வேண்டும். காய்ப்புழுவைக் கொல்லும் நச்சைச் செடியே உண்டாக்கும்படி 'பிடி' என்ற பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்ததுதான் பிடி பருத்தி. அது 1997ஆம் ஆண்டின் 15ஆம் எண் மரபணு மாற்ற உயிரிகள் சட்டத்துக்குள் வருகிறது. பல அரசுத் துறைகளின் அதிகாரிகள் அடங்கிய செயற்குழு அனுமதித்த ரகத்தைத்தான் விற்கலாம், விதைக்கலாம்.

சூரியகாந்திக்கும் நிலக்கடலைக்கும் இந்தத் தொல்லை இல்லை. இங்கே பயிராகும் ரகங்கள் வழக்கமான கலப்பு முறையில் வந்தவை. சோயாவில் பரவலாக இருப்பது களைக்கொல்லியைத் தாங்கும் ரகம். அதுவும் இந்தச் சட்டத்துக்குள் வருவதுதான், ஆனால் அதற்குப் புழுவோடு சம்பந்தமில்லை.

பிடி பருத்திக்கு 'ரெஃப்யூஜ்' கட்டாயம். பக்கத்திலேயே பிடி இல்லாத பருத்தியும் விதைக்க வேண்டும். அதற்குப் பூச்சிமருந்தே அடிப்பதில்லை என்றால் பருத்தி நிலத்தில் 5 சதவீதம் போதும். அடிப்பதென்றால் 20 சதவீதம் வேண்டும், ஆனால் அங்கே அடிக்கும் மருந்து அதே பிடி பாக்டீரியாவில் செய்ததாக இருக்கக் கூடாது. ரகத்துக்கு ரகம் விவரம் மாறலாம் என்பதால் விதை ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். விளைந்த விதையை மறுபோகத்துக்கு எடுத்து வைக்கவும் அந்த ஒப்பந்தம் விடாது.

புழு வளர்வதற்கென்றே நிலத்தை விடுவதா என்று எரிச்சல் வருவது நியாயம்தான். பிடி செடியைத் தின்றும் பிழைக்கும் புழு ஆயிரத்தில் ஒன்றாக இருந்தாலும், அவை தங்களுக்குள்ளேயே கூடினால் சில ஆண்டுகளில் வயல் முழுக்க அந்த வம்சம்தான். ரெஃப்யூஜில் வளர்ந்த சாதாரண அந்துப்பூச்சிகளோடு கூடினால் குஞ்சுகளில் பெரும்பாலானவை பிடியில் சாகும். இதே நிபந்தனை உள்ள மக்காச்சோளத்தில் பலர் அதை மதிக்கவில்லை. தண்டுத் துளைப்பான் புழு பிடிக்கு அசையாமல் போனதை 2007இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

பிடி எல்லாப் பூச்சிக்கும் மருந்தல்ல. அசுவினியையும் தத்துப்பூச்சியையும் அது தொடாது. தத்துப்பூச்சிக்கு வழி கண்டது இதே நாட்டின் பார்பர்டன் ஆய்வு நிலையம். இலையில் அடர்ந்த மயிர் உள்ள செடிகளைத் தேர்ந்தெடுத்து 1920களில் 'யு4' ரகத்தை உருவாக்கியவர் எஃப். ஆர். பார்னெல். அதற்குமுன் கோயம்புத்தூரில் நெல் ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்தவர் அவர்! மயிர் இலைக்கு ரெஃப்யூஜ் எதுவும் கேட்பதில்லை.

புதிய மரபணு மாற்ற ரகத்தைச் சாகுபடிக்கு விட விண்ணப்பம் வந்தால் செய்தித்தாளில் அறிவிப்பு வரும். ஆட்சேபம் இருந்தால் அதில் குறித்த கெடுவுக்குள் யாரும் எழுத்தில் தெரிவிக்கலாம். விவசாயியாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.