ஸ்க்ரோல் சாவில் மரப்பொம்மை செய்து விற்கிறீர்களா? முதலில் கைவினைஞர் அட்டையை வாங்குங்கள்

ஸ்க்ரோல் சா (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஆடி மரத்தை வளைத்து அறுக்கும் மெஷின்) வைத்து யானை, ஆமை, அ-ஆ எழுத்துப் புதிர் என்று அறுத்து விற்கிற பலருக்கு, அது ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமான சரக்கு என்பது தெரியாது. கண்காட்சி ஸ்டாலில் அதிகாரி வந்து நிற்கும்போதோ, ஆன்லைன் தளம் பொருளை எடுத்துவிடும்போதோதான் தெரியவருகிறது. இத்தனைக்கும் சிறு கைவினைஞருக்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. யாரும் சொல்லாததால் பலர் பயந்து தொழிலையே விட்டுவிடுகிறார்கள்.

14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விளையாடுவதற்கான எந்தப் பொம்மையையும், ஐ.எஸ்.ஐ. முத்திரை வழங்கும் பி.ஐ.எஸ். அமைப்பின் உரிமம் இல்லாமல் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. 2021 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் பொம்மைத் தர ஆணைப்படி இதுதான் நிலை. மீறினால் பி.ஐ.எஸ். சட்டம் 2016-ன்படி முதல் தடவைக்கே 2 லட்சத்துக்குக் குறையாத அபராதமோ சிறையோ விதிக்கலாம். ஆனால் மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் உள்ள கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர் தாமே செய்து விற்கும் பொம்மைக்கு இந்த ஆணை பொருந்தாது. அந்தப் பதிவுக்கு அடையாளம்தான் ‘பெஹ்சான்’ என்கிற கைவினைஞர் அடையாள அட்டை.

"பொழுதுபோக்காகச் செய்கிறேன், மாதத்துக்கு நாலைந்துதான் விற்கிறேன்" என்பது பதில் ஆகாது. விற்பனைக்கு வைத்தால் ஒன்றானாலும் விற்பனைதான். பெட்டியில் "14 வயதுக்கு மேற்பட்டோருக்கு" என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வாத்து வடிவப் புதிரை விற்பதும் உங்களைக் காப்பாற்றாது. பொருளைப் பார்த்தால் யாருக்கானது என்று தெரிகிறதே. பெயர்ப்பலகை, கோலப் பலகை, சுவர் அலங்காரம் மட்டும் செய்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

அதிகம் பேர் ஏமாறுவது உத்யம் சான்றிதழில். உத்யம் என்பது சிறுதொழில் பதிவு. இலவசம், சில நிமிட வேலை. அதைக் காசு வாங்கிக்கொண்டு போட்டுக் கொடுத்து, "இனி எல்லாம் சரி" என்று அனுப்பிவிடுகிறார்கள். பொம்மை ஆணையிலிருந்து அது விலக்கு வாங்கித் தராது. மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டமும் வேறு. தமிழ்நாடு அரசு அதை இப்போதைய வடிவில் நடைமுறைப்படுத்தப் போவதில்லை என்று 2024 நவம்பரில் மத்திய அரசுக்கு எழுதியது. மாநில அரசு 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம், 35 வயது நிரம்பியவர்களுக்கு 25 சதவீத மானியத்தோடு கிடைக்கும் கடன். அதை வாங்கியிருந்தாலும் பெஹ்சான் அட்டையைத் தனியாக வாங்கத்தான் வேண்டும்.

விண்ணப்பத்தை இந்திய கைவினைத் துறையின் இணையதளத்திலேயே போடலாம். இடைத்தரகருக்கு ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை. முதல் தடை இனிஷியல். ஆதாரில் "முருகன் சு", பாஸ்புக்கில் "சு. முருகன்", பான் அட்டையில் அப்பா பெயர் விரிவாக என்று இருந்தால் விண்ணப்பம் எங்காவது ஓரிடத்தில் நின்றுவிடும். முதலில் பாஸ்புக்கை ஆதாருக்குப் பொருத்திவிட்டு, பிறகு விண்ணப்பியுங்கள். ஆதாரோடு இணைந்த செல்போன் எண் உங்கள் கையிலேயே இருக்க வேண்டும். கணினி மைய ஊழியர் தன் எண்ணைக் கொடுத்துவிட்டால், சரிபார்ப்புக்கு எப்போது வரச் சொன்னார்கள் என்பதே உங்களுக்குத் தெரியாமல் போகும்.

இரண்டாவது, தொழில் பிரிவு. ஸ்க்ரோல் சா என்று ஒரு பிரிவு கிடையாது. மெஷினைப் பார்த்துவிட்டு "மரச்செதுக்கு" என்று போட்டுவிடுவார்கள். நீங்கள் விற்பது பொம்மை என்றால் பொம்மைப் பிரிவையே கேட்டு வாங்குங்கள். மரச்செதுக்கு அட்டையை நீட்டிப் பொம்மைக்கு விலக்குக் கேட்டால், கேள்வி கேட்க அதிகாரிக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.

மூன்றாவதுதான் பெரிய கண்டம்: செய்து காட்டுவது. சில இடங்களில் அதிகாரி வீட்டுக்கு வருவார், சில இடங்களில் முகாமுக்கு வரச் சொல்வார்கள். "இது மெஷின் வேலைதானே, கைவினை எங்கே இருக்கிறது?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்குத் திணறித்தான் பலர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். பதில் எளிது. மெஷின் பிளேடை மேலும் கீழும் ஆட்டுகிறது, அவ்வளவுதான். கோட்டைக் கண்ணால் பார்த்து மரத்தைத் திருப்புவது கை. கைவினைப் பொருளுக்கு ஜி.எஸ்.டி. அறிவிக்கையில் உள்ள வரையறையும், கருவியோ இயந்திரமோ ஓரளவு பயன்பட்டாலும் பெரும்பகுதி கையால் ஆனது என்றுதான் சொல்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுபோங்கள்.

முகாமுக்கு மெஷினைத் தூக்கிப் போக வேண்டாம். கையால் அறுக்கும் ஃபிரெட் சா, ‘வி’ வடிவ வெட்டுள்ள ஒரு பலகை, அதை மேசையோடு பிடிக்க ஒரு கிளாம்ப், 2 மி.மீ. பிட்டோடு கைத்துளையான், 10 மி.மீ. கனத்தில் ஒரு வெட்பாலைத் துண்டு போதும். முனையில் குறுக்கு ஊசி (pin) இல்லாத 5 அங்குல பிளேடு ஸ்க்ரோல் சாவுக்கும் இதற்கும் பொருந்தும். 5-ஆம் எண் பிளேடு அரை டஜன் வைத்துக்கொள்ளுங்கள், பதற்றத்தில் இரண்டு உடையும். பல் கீழ்நோக்கி, கைப்பிடிப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் மரம் துள்ளும், பார்ப்பவருக்கு நீங்கள் புதுசு என்று தெரிந்துவிடும். வெளிக்கோட்டை மட்டும் அறுத்துக் காட்டாதீர்கள். ஒரு துளை போட்டு, பிளேடை அதற்குள் நுழைத்துப் பூட்டி, உள்வெட்டு ஒன்று செய்யுங்கள்.

மாதிரிகளில் லேசரில் வெட்டியது ஒன்றுகூடக் கலக்கக் கூடாது. லேசர் வெட்டின் ஓரம் கருகியிருக்கும். ஸ்க்ரோல் சா வெட்டின் ஓரத்தில் மெல்லிய செங்குத்துக் கோடுகளும், உள்வெட்டில் பிளேடு நுழைந்த துளையின் தடமும் இருக்கும். விவரம் தெரிந்தவர் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார். ஒன்று சிக்கினால் மற்ற நல்ல மாதிரிகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

செய்து காட்டிய பிறகு மாதக்கணக்கில் "பரிசீலனையில்" என்றே இருந்தால் நேரில் போய் வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள். "அடுத்த வாரம் வாங்க" என்று சொல்ல அவர்களுக்கு எந்தச் செலவும் இல்லை. உங்களுக்கு ஒருநாள் கூலி போகிறது. விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு மனு எழுதி ஒப்புகை வாங்குங்கள். பிறகு மத்திய அரசின் குறைதீர் இணையதளத்தில் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் 10 ரூபாய் கட்டி, என் விண்ணப்பம் எந்தத் தேதியில் யார் மேசைக்குப் போனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

அட்டை கைக்கு வந்த பிறகும் ஒரு பொறி உண்டு. விலக்கு, கைவினைஞர் ‘தாமே செய்து விற்கும்’ பொருளுக்கு. அட்டை கணவர் பெயரில், பில் புத்தகம் மனைவி பெயரில் என்றால் சிக்கல். இருவரும் அறுக்கிறீர்கள் என்றால் இருவரும் அட்டை வாங்குங்கள். கடைக்குக் கொடுக்கும்போது உங்கள் பெயர் போட்ட பில்லும் அட்டை நகலும் சேர்த்துக் கொடுங்கள். வியாபாரி யாராவது "உங்க அட்டையை வெச்சு என் சரக்கையும் வித்துக்கலாம்" என்றால் மறுத்துவிடுங்கள். சரக்கு பிடிபட்டால் மாட்டுவது அட்டைக்காரர்.

ஐ.எஸ்.ஐ. வேண்டாம் என்பதால் குழந்தையின் பாதுகாப்பும் வேண்டாம் என்று ஆகாது. பொம்மைத் தரத்தில் சிறு பாகங்களுக்கு ஒரு சோதனை உருளை உண்டு: விட்டம் 31.7 மி.மீ., ஆழம் சாய்வாக 25.4 முதல் 57.1 வரை. அழுத்தாமலே அதற்குள் முழுசாக அடங்கும் துண்டை மூன்று வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்குத் தரக் கூடாது, தொண்டையில் போய் அடைக்கும். பசை மட்டும் போட்டு ஒட்டிய பிடிக்குமிழ் கழன்றுவிடும், குச்சி ஆணி சேர்த்து இறுக்குங்கள். ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்புக்குள் என்று டப்பாவில் போட்டிருக்கும் வீட்டுப் பெயிண்ட் மட்டும் பூசுங்கள். வண்டிக்கு அடிக்கும் பெயிண்ட், சில்லறையாக ஊற்றித் தரும் பெயிண்ட் இரண்டும் கூடாது.

வெளிமாநில விற்பனைக்கு முதல் ரூபாயிலிருந்தே ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும் என்பது பொது விதி. கைவினைப் பொருளுக்கு மட்டும் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் வரை பதிவு தேவையில்லை, மரப்பொம்மை அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் பான் எண் வேண்டும், ஒவ்வொரு வெளிமாநிலப் பார்சலுக்கும் இ-வே பில்லும் (சரக்கை அனுப்ப இணையத்தில் எடுக்கும் சீட்டு) வேண்டும். 50,000 ரூபாய்க்குக் கீழே இ-வே பில் தேவையில்லை என்ற பொதுச் சலுகை இங்கே செல்லாது, 600 ரூபாய்ப் புதிருக்கும் போட்டாக வேண்டும். பெரிய ஆன்லைன் தளங்களோ ஜி.எஸ்.டி. எண் இல்லாமல் வெளிமாநில விற்பனைக்குச் சேர்ப்பதில்லை. அந்த வழியாக விற்க நினைத்தால், அட்டை இருந்தாலும் பதிவையும் எடுத்துவிட்டே இறங்குங்கள்.