காய்ச்சலுக்கு முன்னால் எங்கே குளித்தீர்கள்?

நான்கு நாளாகக் காய்ச்சல் என்று வந்தார் அந்த லாரி ஓட்டுநர். முப்பத்தைந்து வயதிருக்கும். டிங்கி சோதனை ஏற்கெனவே எடுத்துவிட்டார், அதில் ஒன்றுமில்லை. கண் இரண்டும் சிவந்திருந்தன, ஆனால் பீளை இல்லை. கெண்டைக்காலை லேசாகத்தான் அழுத்தினேன், கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"சமீபத்துல ஆறு, அருவின்னு எங்கேயாவது குளிச்சீங்களா?"

"இல்லை டாக்டர்."

பக்கத்தில் நின்ற மனைவி, "என்னங்க, சுங்கை சொங்கா போனோமே, சின்னவன் பிறந்தநாளுக்கு" என்றார்.

"அது ஆச்சு ரெண்டு வாரம். அதுக்கும் காய்ச்சலுக்கும் என்ன இருக்கு?"

இருக்கிறது. கோலாலம்பூரில் கிளினிக் நடத்தும் எனக்கு இந்தப் பேச்சு பழகிப்போனது. மழைக்காடு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் தலைநகரங்கள் உலகத்தில் அதிகமில்லை. கே.எல். கோபுரத்தின் காலடியில் இருக்கும் புக்கிட் நானாஸ் காடு 1906-லேயே பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டது. கெப்போங்கில் வெள்ளீயம் தோண்டிப் பாழாகிக் கிடந்த நிலத்தில் மரம் நட்டு வளர்த்த காட்டை 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக ஏற்றுக்கொண்டது. அங்கே காப்பூர் மரங்களின் கீழே நின்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். ஒன்றன் கிளை இன்னொன்றைத் தொடாமல், நடுவில் வானம் ஆறு மாதிரி ஓடும். (காப்பூர் என்பது நம் கற்பூரத்துக்குச் சொந்தக்காரச் சொல்தான்.) ராவாங் போகும் வழியில் ஏழு தட்டாக விழும் காஞ்சிங் அருவி, உலு லங்காட் பக்கம் காபாய், சொங்கா. ஞாயிற்றுக்கிழமை காலையில் பாயும் சோற்றுப் பானையுமாகக் கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்குள் தண்ணீரில் இறங்கிவிடலாம். நானும் போகிறவள்தான். போகாதீர்கள் என்று எழுத வரவில்லை.

எலிக்காய்ச்சலைப் பற்றித்தான் எழுத வந்தேன். மலாயில் கென்சிங் தீக்குஸ் என்பார்கள், எலி மூத்திரம் என்று பச்சையாகவே அர்த்தம். எலியின் சிறுநீரில் வெளியேறும் லெப்டோஸ்பைரா என்ற கிருமி, நம் ஊர் வெப்பத்தில் ஈர மண்ணிலும் ஆற்று நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். காலில் சின்னச் சிராய்ப்பு போதும். கண், மூக்கு, வாய் வழியாகவும் நுழையும். சரி, காட்டில் எலி ஏன் கூடுகிறது? நாம் விட்டு வரும் நாசி லெமாக் பொட்டலத்துக்கும் கோழி எலும்புக்கும்தான். சாப்பிட்ட இடத்திலேயே குப்பையைப் போட்டுவிட்டு அதே இடத்தில் பிள்ளைகளை இறக்கிக் குளிப்பாட்டுகிறோம். மழை பெய்தால் கரையில் இருப்பதெல்லாம் ஆற்றுக்குள் வந்துவிடும்.

குளித்த அன்றோ மறுநாளோ காய்ச்சல் வந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். இது பெரும்பாலும் 5 முதல் 14 நாள் கழித்து வரும், சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகலாம். அதற்குள் துணி காய்ந்து, படங்கள் வாட்ஸ்அப்பில் போய், பயணமே மறந்துவிடும். முதல் சில நாள் ரத்தச் சோதனையும் இல்லை என்றே காட்டக்கூடும். அதனால் நீங்கள் சொல்லும் கதையை வைத்துத்தான் நாங்கள் மருந்தைத் தொடங்குகிறோம். சீக்கிரம் தொடங்கினால் சாதாரண ஆன்டிபயாடிக் போதும். தாமதமானால் மஞ்சள் காமாலை, சிறுநீரகம் நின்றுபோவது, நுரையீரலில் ரத்தக் கசிவு என்று போகும். 2010-இல் பகாங்கின் லூபோக் யூவில் நீரில் மூழ்கியவரைத் தேடப் போனவர்கள் சிலர் இந்தக் கிருமியாலும், மண்ணிலும் நீரிலும் வாழ்ந்து மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தரும் இன்னொரு கிருமியாலும் நோயுற்றார்கள், அவர்களில் பலர் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில்தான் எலிக்காய்ச்சலைக் கண்டால் டாக்டர்கள் சுகாதார அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி வந்தது.

காட்டில் கூடாரம் போட்டு இரவு தங்குகிறவர்களுக்கு இன்னொன்று. மலேசியாவில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்ளூர் மலேரியா 2018 முதல் இல்லை. அதனால் மலேரியா என்ற நினைப்பே பலருக்கு வருவதில்லை. ஆனால் குரங்கிலிருந்து கொசு வழியாக வரும் நோலெசி மலேரியா இருக்கிறது. அந்தக் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் நிலைமை சட்டென்று முற்றிவிடும். முகாம் போய்வந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், "மலேரியாவுக்கும் ரத்தம் பாருங்கள்" என்று நீங்களே கேளுங்கள். டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

குரங்கு என்றதும் பத்துமலை ஞாபகம் வருகிறது. 272 படி ஏறும்போது கையில் பிளாஸ்டிக் பை ஆடினால் அதற்குள் தீனி இருக்கிறது என்று குரங்குக்குத் தெரியும். பிடுங்கினால் விட்டுவிடுங்கள். கடித்தாலோ கீறினாலோ திருநீறு போட்டுவிட்டு வராதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே கிளினிக் போங்கள்.

கெப்பாலா ஆயர் (மலையிலிருந்து ஆற்றில் திடீரென இறங்கும் வெள்ளம்) மட்டும் என் கிளினிக்குக்கு வராது, நேரே பிணவறைக்குப் போகும். இங்கே வெயில் அடிக்கும், மலைமேல் மழை கொட்டும், திடீர் வெள்ளம் இறங்கும். தெளிந்த நீர் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், மேலிருந்து இரைச்சல் கேட்டால், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரைமேல் ஏறுங்கள். சாப்பாட்டுப் பானை போனால் போகட்டும்.

காயம் இருந்தால் தண்ணீரில் இறங்காதீர்கள், வெறுங்காலில் நடக்காதீர்கள், வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் குளியுங்கள். அப்புறம் காய்ச்சல் வந்தால் டாக்டரைப் பார்க்கும்வரை பாராசிட்டமால் மட்டும் போதும். உடம்பு வலிக்கிறதே என்று ஐபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கிப் போடுவது டிங்கியானாலும் எலிக்காய்ச்சலானாலும் ஆபத்து.

அந்த லாரி ஓட்டுநரை அன்றே மருத்துவமனைக்கு அனுப்பினேன். எலிக்காய்ச்சல்தான். சிறுநீரகம் கொஞ்சம் தடுமாறி, பிறகு சரியாகிவிட்டது. இரண்டு மாதம் கழித்து மகனுக்குச் சளி என்று அழைத்து வந்தார். கிளம்பும்போது கதவருகில் நின்று திரும்பினார்.

"அடுத்த வாரம் காஞ்சிங் போறோம் டாக்டர். இப்பவே சொல்லிட்டேன், கார்டுல எழுதி வச்சிக்கிங்க."

எழுதி வைத்துக்கொண்டேன்.