ஒரு காதுல மட்டும் கேக்குதுன்னு ரிக்க திறக்காதீங்க

இந்த வாரமும் ஒரு ஹாம் ரிக் (அமெச்சூர் ரேடியோ செட்) சர்வீஸுக்கு வந்துச்சு. ஹெட்ஃபோன்ல வலது பக்கம் வரல, ஆடியோ ஐசி (சத்தத்த பெருக்குற சிப்) போயிருக்கும்னு அவங்களே முடிவு பண்ணி, சால்டரிங் அயர்ன் வச்சு நோண்டி, போர்டுல ட்ராக்கே உரிஞ்சு வந்துருச்சு. ஐசி நல்லாத்தான் இருந்துச்சு.

மறுபடியும் சொல்றேன், நிறைய ரிக்ல, முக்கியமா பழசுல, ஹெட்ஃபோன் ஜாக் மோனோ, ஒரே ஒரு சிக்னல்தான் வரும். நீங்க சொருகுறது இடது வலதுக்கு தனித்தனி இணைப்பு உள்ள ஸ்டீரியோ பின். அந்தப் பின்ன உத்துப் பாருங்க, ரெண்டு கருப்பு வளையம் இருக்கும், நுனி இடது காது, நடுத்துண்டு வலது காது, அடி கிரவுண்டு. மோனோ ஜாக்ல நடுத்துண்டும் கிரவுண்டோட சேந்துடும், வலது பக்கம் ஊமையாயிடும். ரிக்கும் கெடல, ஹெட்ஃபோனும் கெடல. சந்தேகம்னா அதே ஹெட்ஃபோன வேற ஸ்டீரியோ ஜாக் எதுலயாவது போட்டுப் பாருங்க, ரெண்டு பக்கமும் கேக்கும். இடது வலது ரெண்டையும் ஒண்ணாக்குற மோனோ அடாப்டர் ஒண்ணு போட்டா முடிஞ்சுது. பின்ன பாதி இழுத்து வச்சு சமாளிக்கிறத தயவுசெஞ்சு விடுங்க, ஜாக்தான் லூசாகும்.

இதயே திருப்பிப் போட்டா ஆபத்து. ஸ்டீரியோ ஜாக்ல மோனோ பின் சொருகுனா வலது அவுட்புட் நேரா கிரவுண்டுக்கு ஷார்ட். வெளி ஸ்பீக்கர் ஜாக்லயும் ஹெட்ஃபோன் மாட்டாதீங்க, காதைப் பொளக்கும், சில ரிக்ல ஸ்பீக்கரோட ரெண்டு வயர்லயும் சிக்னல் போகும், எதுவும் கிரவுண்டு கிடையாது, அங்க ஒண்ண கிரவுண்டு பண்ணா அப்பத்தான் நிஜமாவே ஐசி போகும்.

பேசுறதுக்கு அழுத்துற பிடிடி பட்டன அழுத்துனா மட்டும் ஹெட்ஃபோன்ல கர்ருனு வருதா? அது ஆர்எஃப், அதாவது நீங்க அனுப்புற ரேடியோ சிக்னலே வயர் வழியா உள்ள புகுறது. ஆன்டெனாவ கழட்டி டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலா பவர வாங்கிக்குற ரெசிஸ்டர்) போட்டு பேசிப் பாருங்க, சத்தம் நின்னா கோளாறு ஆன்டெனா பக்கம், ஆன்டெனாவுக்குப் போற கோஆக்ஸ் கேபிள்ல ஆர்எஃப்ப தடுக்குற சோக் போடுங்க. ஹெட்ஃபோன் வயரையும் 31 மிக்ஸ்ங்கிற வகை ஃபெரைட் வளையத்துல பல சுத்து சுத்துங்க, சுத்து ரெட்டிப்பானா தடை ஏறக்குறைய 4 மடங்கு. ஒரே ஒரு தடவ நுழைச்சு விட்டுட்டு ஃபெரைட் வேலை செய்யலன்னு வராதீங்க, எச்எஃப்ல (3-30 மெகாஹெர்ட்ஸ்) அது போதாது.

ஹெட்ஃபோன கழட்டுனப்புறம் ஸ்பீக்கர் பேசலையா, ஜாக் உள்ள இருக்குற சுவிட்ச் காண்டாக்ட்ல அழுக்கு. காண்டாக்ட் கிளீனர் அடிச்சு பின்ன நாலஞ்சு தடவ சொருகி எடுங்க.

அப்புறம் காது. ஏஜிசிய (சிக்னல் ஏறி இறங்குனாலும் சத்தத்த தானா சமமா வச்சுக்குறது) ஆஃப் பண்ணிட்டு வீக் சிக்னல் தேடுறப்ப பக்கத்து ஸ்டேஷன் திடீர்னு கிளம்புனா என்னாகும்னு யோசிங்க. வால்யூம குறைச்சுட்டு மாட்டுங்க, மாட்டிட்டு ஏத்துங்க.

சர்வீஸுக்கு வந்தா ரிக்க மட்டும் தூக்கிட்டு வராதீங்க, நீங்க மாட்டுற அதே ஹெட்ஃபோனும் அடாப்டரும் சேந்து வரணும்.