இலங்கை சுற்றப் போகிறவர்கள் கிலோமீட்டரை விட்டுவிட்டு மணியைப் பாருங்கள்

ஐந்து நாள் விடுமுறை. கட்டுநாயக்கவில் இறங்கி சிகிரியா, கண்டி, நுவரெலியா, எல்ல, யால, காலி எல்லாம் பார்த்துவிட்டு மறுபடி விமானம் ஏற வேண்டும். பயண ஏற்பாடு செய்கிறவர்கள் கைக்கு வரும் பட்டியல்களில் பல இப்படித்தான் இருக்கும். வரைபடத்தில் பார்த்தால் நியாயமாகவே தெரியும். தீவு மொத்தமும் 65,610 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் ஏறக்குறையப் பாதி. கண்டியிலிருந்து நுவரெலியா 80 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் அந்த 80-க்குக் குறைவான தூரம்தான் மூன்று மணி நேரத்தைத் தின்னும். மலைப்பாதையில் மணிக்கு 25 முதல் 30 கிலோமீட்டர் என்று கணக்குப் போடுங்கள். அதற்கு மேல் எதிர்பார்த்தால் ஓட்டுநரை விரட்டுகிறீர்கள் என்று பொருள்.

விரட்டினால் என்ன ஆகும் என்பது கண்டி–நுவரெலியா சாலையின் றம்பொடை இறக்கத்திலும் எல்லவிலிருந்து வெல்லவாய போகும் இறக்கத்திலும் தெரியும். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கும் வண்டியில் பிரேக் சூடேறி, ஒரு கட்டத்தில் பெடல் இருந்தும் பிடிப்பு இருக்காது. அதற்கு முன்பே ரப்பர் கருகுவது போல ஒரு வாடை வரும். பின் இருக்கையில் இருப்பவருக்கும் அது தெரியும். வாடை வந்தால் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் சூடான இரும்பில் விரிசல் விழுந்துவிடக்கூடும். எந்த கியரில் ஏற வேண்டுமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்பது மலை ஓட்டுநர்களின் பாலபாடம். தானியங்கி கியர் வண்டியை வாடகைக்கு எடுத்தவர்கள் அதில் தாழ்ந்த கியருக்கும் ஓர் இடம் இருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது மாதம். "இலங்கைக்கு எந்த சீசன் நல்லது?" என்று கேட்டால் எந்தப் பக்கத்துக்கு என்று திருப்பிக் கேட்கத்தான் வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், கினிகத்தேனை, இரத்தினபுரி, சிங்கராஜ பக்கத்தை நனைக்கும். அதே நேரம் மலைக்கு அந்தப் பக்கம் ஊவாவில், அதாவது பண்டாரவளை, எல்ல, பதுளையில், வறண்ட காற்று வீசும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை, மழை கிழக்குக்கு மாறிவிடும். ஆகஸ்டில் வருகிறவர்கள் ஊவா, மின்னேரியா, திருகோணமலை என்று போகலாம். பிப்ரவரியில் வருகிறவர்களுக்கு ஹட்டன், நுவரெலியா, தெற்குக் கடற்கரை. அக்டோபர், நவம்பரில் எங்கும் பிற்பகல் இடி மழை, அதோடு புயலும் உண்டு. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் மலையகத்தில் மண்சரிவுகள் ஏராளம், ரயில் பாதையும் பல இடங்களில் சேதமானது. ஆகவே கண்டி–எல்ல ரயிலை நம்பித் திட்டம் போடும் முன் எந்தப் பகுதியில் ஓடுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மண்சரிவு எச்சரிக்கை மூன்று நிறங்களில் வரும். மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக வேண்டும், சிவப்பு என்றால் வெளியேறிவிட வேண்டும். சிவப்பு விழுந்த பிரதேசத்தில் அறைக்கு முன்பணம் கட்டியிருக்கிறோமே என்று போகக் கூடாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின், அதாவது பேரிடர் மேலாண்மை மையத்தின், எண் 117.

நுவரெலியாவுக்கு அருகே உள்ள ஹோர்ட்டன் சமவெளிக்கு வருவோம். ஏமாற்றத்தோடு திரும்புகிறவர்கள் அதிகம் உள்ள இடம் இது. "உலக முடிவு" என்ற பாறை விளிம்பில் நின்றால் கீழே 870 மீட்டருக்கு மேல் பள்ளம், வானம் தெளிவாக இருந்தால் தெற்குச் சமவெளி முழுக்கத் தெரியும். ஆனால் ஒன்பது, ஒன்பதரைக்கு மேல் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவிடும், அதன்பின் வெள்ளைச் சுவர்தான். வாசல் திறப்பது காலை ஆறு மணி. நுவரெலியாவில் விடுதியின் காலை உணவு ஏழரைக்கு, அதை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தால் பனியைப் பார்க்கத்தான் போகிறீர்கள். ஐந்து மணிக்குள் புறப்பட்டு, உணவைப் பொட்டலமாக வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பொட்டலம் பொலித்தீனில் இருந்தால் வாசலில் பிரித்து எடுத்துவிடுவார்கள். காகிதத்திலோ டப்பாவிலோ வாங்குவது உத்தமம். சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், மூன்று முதல் நான்கு மணி நேர நடை. பாதை பிரியும் இடத்தில் பேக்கர் அருவிப் பக்கம் திரும்பாமல் நேரே உலக முடிவுக்குப் போய், அருவியைத் திரும்பும்போது பாருங்கள். அருவி எங்கேயும் ஓடிவிடாது. இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் உள்ள இடம், ஜனவரியில் புல்லில் உறைபனி படியும். சென்னைப் பழக்கத்தில் மெல்லிய சட்டையோடு வரும் குழந்தைகள் முதல் கிலோமீட்டரிலேயே அழுதுவிடும்.

யானை பார்க்க உடவளவ தேசியப் பூங்கா ஆண்டு முழுவதும் சரிப்படும். மின்னேரியா அப்படியில்லை. மகாசேன மன்னன் காலத்துக் குளம் அது. கோடையில் நீர் வற்றி அடிமண்ணில் பசும்புல் முளைக்கும், அந்தப் புல்லுக்காகத்தான் ஜூலை முதல் அக்டோபர் வரை யானைகள் கூட்டம் கூட்டமாக வரும். குளம் நிறைந்திருந்தால் புல் இல்லை, யானையும் இல்லை. மழை சீக்கிரமே வந்துவிட்ட ஆண்டில் பழைய படங்களைக் காட்டி "எங்கே அந்த 200 யானை?" என்று ஜீப் ஓட்டுநரிடம் சண்டை போட்டுப் பயன் கிடையாது.

ஜீப்பில் இருக்கும்போது யானையின் காதையும் வாலையும் பாருங்கள். மேயும் யானை காதை ஆட்டிக்கொண்டே இருக்கும். ஆட்டம் நின்று காது விரிந்து அசையாமல் இருந்தால் அது உங்களைக் கவனித்துவிட்டது. மண்ணை உதைத்து வீசினால், தலையைச் சிலுப்பினால், நகரச் சொல்கிறது. காதை விரித்துப் பிளிறிக்கொண்டு ஓடி வருவது பெரும்பாலும் மிரட்டல். தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு சத்தமில்லாமல் வந்தால் அது மிரட்டல் அல்ல. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே கன்னத்தில் ஈரக்கோடு வழிந்தால் மதம், அந்தப் பக்கமே நிற்கக் கூடாது. கைபேசி வெளிச்சம் வேண்டாம், எழுந்து நிற்பது வேண்டாம், குழந்தையைத் தூக்கிக் காட்டுவது வேண்டவே வேண்டாம்.

பூங்காவுக்குள்ளே இவ்வளவு கவனமாக இருப்பவர்கள் சாலையில் கோட்டை விடுகிறார்கள். உடவளவ அணைக்கட்டு வேலியோரமும் புத்தல–கதிர்காமம் சாலையிலும் வண்டிகளிடம் தின்பண்டம் வாங்கப் பழகிய யானைகள் நிற்கும். சாலையோரக் கடையில் வாழைப்பழம் வாங்கி நீட்டுகிறவருக்கு அது புண்ணியம். அடுத்து கைவீசி வருகிற ஆட்டோவுக்கு அது வழிமறிப்பு. வாங்கிப் பழகிய யானை, கிடைக்காதபோது கண்ணாடியை உடைத்து எடுத்துக்கொள்ளும்.

யாலவில் வேறு விதமான கோளாறு. இங்கே சிங்கமும் புலியும் இல்லாததால் சிறுத்தைதான் காட்டின் தலைமை வேட்டையாடி, அதனால் பகலிலும் ஓரளவு தைரியமாக நடமாடும். அதைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். "சிறுத்தை காட்டினால் இவ்வளவு தருகிறேன்" என்று ஓட்டுநரிடம் பேரம் பேசுவதுதான் பிரச்சினையின் ஊற்று. ஒரு மரத்தடியில் சிறுத்தை என்று தகவல் பரவியதும் எல்லா ஜீப்பும் புழுதி கிளப்பிக்கொண்டு அங்கே குவியும், சிறுத்தை புதருக்குள் போய்விடும். "சிறுத்தை வந்தாலும் வராவிட்டாலும் இனாம் ஒன்றுதான், மெதுவாக ஓட்டுங்கள்" என்று புறப்படும் முன்பே சொல்லிவிட்டால் மயில், முதலை, மான் கூட்டம் என்று காடே கண்ணில் படும். பெரும்பாலான ஆண்டுகளில் செப்டம்பர் தொடக்கத்திலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை வறட்சிக்காக யாலவின் முதல் பகுதியை மூடுவார்கள், முன்பதிவுக்கு முன் கேளுங்கள். கூட்டம் பிடிக்காதவர்களுக்கு வில்பத்து தேசியப் பூங்கா இருக்கிறது. ஜூன், ஜூலையில் அங்கே பாலை மரம் பழுக்கும்போது கரடி பார்க்கும் வாய்ப்பும் கூடும்.

சிங்கராஜ மழைக்காட்டுக்கு அட்டைக்கடி இல்லாமல் போய்வர முடியாது, பயப்படவும் தேவையில்லை. முழங்கால் வரை வரும் நெருக்கமான நெசவுள்ள அட்டை உறையைக் கால்சட்டைக்கு மேலே இழுத்துக் கட்ட வேண்டும். உள்ளே போட்டால் பயனில்லை. காலில் சவர்க்காரம் (சோப்பு) தேய்த்துக்கொள்வது தேயிலைத் தோட்டத்து வழக்கம், மழையில் கரையும் வரை உதவும். கடித்த அட்டையை நெருப்பாலோ உப்பாலோ துன்புறுத்தினால் அது வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள் கக்கிவிடக்கூடும். மெல்லிய முனைதான் வாய். அங்கே நகத்தைப் படியவைத்து பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் உறையாமல் இருக்க அட்டை ஒரு பொருளைச் செலுத்துவதால் காயம் வெகுநேரம் கசியும். அழுத்தித் துணி கட்டினால் போதும்.

அட்டையை விடக் குளவிக்குத்தான் அஞ்ச வேண்டும். தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போவது மலையகத்தில் அடிக்கடி வரும் செய்தி, உயிரிழப்பும் உண்டு. கூடு நிழல் மரத்தில் இருக்கும், சில சமயம் தேயிலைச் செடிக்குள்ளேயே இருக்கும். சிகிரியாப் பாறையிலும் இதே ஆபத்து, அமைதி காக்கச் சொல்லும் பலகைகள் அதற்குத்தான். குளவி கிளம்பிவிட்டால் கையை வீசாமல், தலையையும் முகத்தையும் துணியால் மூடிக்கொண்டு மூடிய இடத்துக்கு ஓடுங்கள். பல இடங்களில் கொட்டினாலோ, தொண்டை அடைப்பது போல இருந்தாலோ காத்திருக்காமல் 1990-ஐ அழையுங்கள், இலவச அம்புலன்ஸ் வரும்.

இனி தேயிலைத் தோட்டம். ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் கண்டிக்கு அருகே லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் கோப்பியை இலைத்துரு நோய் அழிக்க, மலை முழுவதும் தேயிலையானது. அதை நட்டவர்கள் தமிழ்நாட்டிலிருந்து நடந்தும் படகிலும் வந்தவர்கள். ஆகவே கொழுந்து எடுக்கும் அக்காவிடம் தமிழில் பேசலாம். ஆனால் "இந்தியாவிலிருந்து எப்ப வந்தீங்க?" என்று கேட்காதீர்கள். அவர் குடும்பம் வந்து ஐந்தாறு தலைமுறை ஆகியிருக்கும். 1948-இல் குடியுரிமையைப் பறிகொடுத்து, பல பத்தாண்டுகள் போராடி மீட்டவர்களிடம் விளையாட்டாகக் கேட்கும் கேள்வி அல்ல அது.

படம் எடுப்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நாள் இலக்கு பல தோட்டங்களில் 18, 20 கிலோ. குறைந்தால் "அரைப்பேர்", அதாவது அரைநாள் சம்பளம். எட்டு மணி நேரத்தில் 20 கிலோ என்றால் மணிக்கு இரண்டரை கிலோ. பத்து நிமிடம் உங்களுக்காகச் சிரித்து நின்றால் நானூறு கிராம் கொழுந்து போய்விட்டது. கொழுந்தை எடைபோடும் நிறுவைக்கு முந்திய அரை மணியில் இடுப்பில் படங்கு என்ற முரட்டுத் துணியைக் கட்டியபடி விரல் ஓயாமல் ஓடும், அப்போது கூப்பிடவே வேண்டாம். எடைபோட்டுவிட்டு வெளியே வரும்போது அனுமதி கேட்டு எடுங்கள், பணம் கொடுப்பதானால் அவர் கையிலேயே கொடுங்கள். தொழிலாளர்கள் வசிக்கும் வரிசை வீடான லயம் காட்சிப் பொருளல்ல. பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில் ஒரு குடும்பமே இருக்கும், கதவு திறந்திருப்பதை அழைப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

செடிகளுக்குள் நடக்கும்போது கானைப் பாருங்கள். சரிவில் மழைநீர் ஓட வெட்டிய வாய்க்கால் அது. புல் மூடியிருக்கும், கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் அதில்தான். மருந்து அடித்த மலையாக இருக்கலாம், ஆகவே இலையைக் கிள்ளி மெல்ல வேண்டாம். விடியலிலும் அந்தியிலும் தோட்டப் பாதையில் தனியாக நடக்காதீர்கள். சிறுத்தை அங்கேயும் வாழ்கிறது, 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கம்பிக் கண்ணியில் சிக்கி இறந்தது ஓர் அரிய கருஞ்சிறுத்தை.

தொழிற்சாலை பார்க்கத் திங்கள் காலை போகாதீர்கள். ஞாயிறு கொழுந்து எடுக்காத தோட்டத்தில் திங்கள் உருட்ட எதுவும் இருக்காது. மற்ற நாட்களிலும் சீக்கிரம் போக வேண்டும். முந்தைய நாள் கொழுந்து பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வாடி, விடியும் முன்பே உருட்டு இயந்திரத்துக்குப் போய்விடும். பதினொரு மணிக்கு வந்தால் சல்லடை மட்டும்தான் ஆடிக்கொண்டிருக்கும். வாட்டும் தட்டுகளுக்கு மேல் நின்று முகர்ந்தால் பழ வாசனை, உருட்டிய பின் செம்பு நிறம், கடைசியில் சூடான காற்றில் ஈரம் மூன்று சதவீத அளவுக்கு இறங்கிக் கறுப்பு. ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோ அளவு பச்சைக் கொழுந்து வேண்டும்.

வாங்கும்போது ஏமாறுவது நம் ஆட்கள்தான். உயர்ந்த மலை, உயர்ந்த விலை என்று நுவரெலியாத் தேயிலையை வாங்கிப் போய், பால் ஊற்றிக் கொதிக்க வைத்து "தண்ணி மாதிரி இருக்கு" என்பார்கள். அது பாலில்லாமல் மூன்று நிமிடம் ஊறவைத்துக் குடிக்கும் தேயிலை. பால் தேநீருக்குத் தாழ்நிலத்து ருகுணு, சப்ரகமுவ தேயிலையில் சிறு துகள் வகைகளான பி.ஓ.பி.எஃப். அல்லது டஸ்ட் கேளுங்கள். ஓ.பி., பி.ஓ.பி., டஸ்ட் எல்லாம் துகளின் அளவைச் சொல்லும் பெயர்களே தவிரத் தரவரிசை அல்ல. டஸ்ட் என்றால் கூட்டி அள்ளியது என்று நினைப்பதும் தவறு. பொட்டலத்தின் மேல் வாள் ஏந்திய சிங்க முத்திரை இருந்தால் இலங்கையிலேயே பொதிசெய்த கலப்பில்லாத சிலோன் தேயிலை.

கண்டியில் வாங்கிய கறுவாப்பட்டை, ஏலம், கிராம்போடு இதே தேயிலையை ஒரு பெட்டியில் அடைக்காதீர்கள். தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும், ஊர் போய்ப் பிரித்தால் மசாலா டீதான் இருக்கும்.